பாதிச் சத்தம்

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்தது. துப்பாக்கி சுடும் ரேஞ்சின் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், காதுகளை மூடியிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு இடப்பக்கத்தில் குணம் அண்ணை நின்று சுட்டுக்கொண்டிருந்தார்.

காது மூடியைத் தாண்டி வரும் வெடிச் சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு. மார்பெலும்பில் லேசாகத் தட்டிவிட்டுப் போகும். பத்து பேர் வரிசையாகச் சுட்டாலும் பழகிய காது அதைப் பொருட்படுத்தாது.

அன்று அந்த வரிசைக்குள் 'டப்' என்று ஒன்று வந்தது. யாரோ பாட்டில் மூடியைத் திறந்தது போல. அது மார்பில் தட்டவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணை குறித்த நேரத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டிய சுற்றில் இருந்தார். கை பழக்கத்தில் ரைஃபிளின் அடியிலிருக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்தது. தோட்டாவின் காலிக் கூடு வெளியே துள்ளி விழுந்தது. நெம்புகோல் மேலே போனது. அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிட்டது. விரல் விசையை நோக்கிப் போனது.

"அண்ணா, நிறுத்துங்க. சுடாதீங்க."

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. ரேஞ்சில் யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' சொல்லலாம். சொன்னால் எல்லோரும் நிறுத்த வேண்டும். ரேஞ்ச் அதிகாரி அதை ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். வரிசை முழுவதும் அமைதியானது. அண்ணையின் விரல் விசைக்கு வெளியே நீண்டு நின்றது.

அதிகாரி ரைஃபிளை வாங்கினார். தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்தார். குழாய்க்குள் ஒரு பித்தளைக் கம்பியை மெல்ல விட்டார். கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது.

குழாயின் நடுவில் ஓர் ஈயக்குண்டு இறுகிக் கிடந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்து மோதியிருந்தால், குழாய் அண்ணையின் இடது கைக்கு மேலேயே பிளந்திருக்கும்.

கண்ணாடிக் கடைக்கு வந்த மனிதர்

லண்டன் நோர்பரியில் நான் கண் பரிசோதகராக இருந்த கடையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். "கண்ணாடி போட்டுக் கொடுத்த நீங்கள் துப்பாக்கி பிடித்தது எப்படி?" என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அதற்குக் காரணம் இந்தக் குணம் அண்ணைதான்.

ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். தூரத்து எழுத்தும் கிட்டத்து எழுத்தும் அவருக்கு நன்றாகவே தெரிந்தன.

"எனக்கு இடையில தெரியவேணும் தங்கச்சி," என்றார்.

"இடையிலன்னா? கம்ப்யூட்டர் பார்க்கவா?"

"இல்லை. ரைஃபிளின்ரை முன் குறி பாக்கிறதுக்கு."

இருபது வருடம் கண் பார்த்திருக்கிறேன். அப்படி யாரும் கேட்டதில்லை. கண்ணுக்கும் குழாய் நுனியிலிருக்கும் அந்தக் குறிக்கும் எவ்வளவு தூரம் என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானே ரேஞ்சுக்குப் போனேன். சேலத்தில் தீபாவளிக்கு ஓலைவெடிகூட வைத்தறியாதவள், விருந்தினராக ஒரு முறை சுட்டுப் பார்த்தேன். மறு வாரமும் போனேன். என் கணவர் இன்றுவரை அதை நம்பாதவர் போலத்தான் பேசுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் பொதுமக்கள் சாதாரணக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் கைத்துப்பாக்கிக்கென்று வந்த அதே குட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற நீளமான ரைஃபிள்கள் உண்டு. போலீஸ் சான்றிதழ் வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டி வேண்டும். போலீஸ் அதிகாரி வந்து பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்தத் தோட்டாக்களைச் சிலர் வீட்டிலேயே நிரப்புவார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து அளந்து ஊற்றி, மேலே குண்டை அழுத்துவார்கள். அனுமதிக்கு உட்பட்டு அதைச் செய்யலாம். குணம் அண்ணையும் தன் வீட்டின் சின்ன அறையில் அப்படித்தான் செய்துவந்தார். ஒழுங்கானவர். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இன்னொரு வகை மருந்து அந்த அறைக்குள்ளேயே வராது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி நான் கொடுத்தது.

அவர் மனைவி ரஜினி அக்கா மட்டும் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. துணி உலர்த்தும் கம்பி அங்கே இருந்தது. அதையும் வெளியே எடுத்துவிட்டார். போருக்குள் ஷெல் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் அவர். இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்.

"நீங்களும் அதே சத்தத்துக்குள்ளதானே இருந்தீங்க? எப்படிண்ணா இதைப் போய் விரும்பிச் செய்றீங்க?" என்று அண்ணையிடம் ஒருமுறை கேட்டேன்.

"அங்கை எப்ப சத்தம் வரும் எண்டு தெரியாது, தங்கச்சி. இங்கை நான் நினைச்சாத்தான் வரும்," என்றார்.

இல்லாத மருந்து எங்கே போனது

கார் நிறுத்துமிடத்தில் இருவரும் நின்றோம். அதிகாரி கம்பியால் தட்டி எடுத்த ஈயக்குண்டு அண்ணையின் உள்ளங்கையில் இருந்தது. துள்ளி விழுந்த காலிக் கூட்டையும் தேடி எடுத்திருந்தோம். உள்ளே கேப் வெடித்த லேசான கரியைத் தவிர ஒன்றும் இல்லை. எரியாத மருந்தும் இல்லை, எரிந்த மருந்தின் அழுக்கும் இல்லை.

"மருந்து போடாமலே மூடியிருக்கிறன்," என்றார் அவர். "கேப் மட்டும் தள்ளி, குண்டு பாதியில நிண்டிட்டுது."

"ஒண்ணு விட்டுப்போச்சு. பரவால்லண்ணா, ஒண்ணும் ஆகலையே."

அவர் குண்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது.

"எனக்கு ஞாபகம் வருது," என்றார். "ஒவ்வொரு கூடாய் எடுத்து மருந்து ஊத்தி, இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் வைக்கிறது என்ரை வழக்கம். மருந்து ஊத்தின கூடு ஒண்டு கையில இருக்கேக்கை போன் வந்தது. மகள். அப்பா, நீங்கள் தாத்தாவாகப் போறீங்கள் எண்டாள்."

அந்தச் செய்தி எனக்கும் தெரியும். அன்று மாலையே ரஜினி அக்கா கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பினார்.

"கையில இருந்ததை எங்கை வைச்சன் எண்டு தெரியாது. ஊத்தாத பக்கம் வைச்சிருப்பன். திரும்பி வந்து, ஊத்தினது எண்டு நினைச்சு வெறுங்கூடு ஒண்டை மற்றப் பக்கம் வைச்சிருக்கிறன்."

"அப்படின்னா, ஊத்தினது?"

"அதுக்கு இன்னொருக்கா ஊத்தியிருப்பன்."

மருந்து இரட்டிப்பாகிவிட்டால் கூடு வழியும், கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் குட்டைத் தோட்டாவில் அப்படி இல்லை. அதற்கு வேண்டிய மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இன்னொரு மடங்கு ஊற்றினாலும் அது பாட்டுக்கு உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியே எல்லாம் ஒன்று போலத்தான். சுட்டால் ரைஃபிளே முகத்துக்கு முன்னால் வெடித்துவிடலாம்.

அதனால்தான் குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து எல்லாக் கூட்டுக்குள்ளும் பார்ப்பார்கள். அண்ணையும் எப்போதும் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. கோயிலுக்குப் போக அக்கா கிளம்பி நின்றார்.

"சரி, மீதி எல்லாம் உங்க பெட்டிலதானே இருக்கு? சுட வேண்டாம். பிரிச்சிடலாம்."

"பாதிதான் இருக்கு," என்றார். "மிச்சத்தை வதனியிட்டைக் குடுத்திட்டன்."

ஆற்றைக் கடந்து

வதனி கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருக்கிறாள். மருத்துவமனை நர்ஸ். எங்கள் கிளப்பில் எல்லோரையும்விட நன்றாகச் சுடுகிறவள். கடையில் அந்த வகைத் தோட்டா கிடைக்காமல் இருந்த மாதம் அது. சந்தோஷத்தில் இருந்த அண்ணை, எழுத வேண்டியதை அவள் சான்றிதழில் முறையாக எழுதி, ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார். அன்று அவள் எசெக்ஸ் பக்கம் ஒரு போட்டிக்குப் போயிருந்தாள்.

அவளுக்கு போன் செய்தோம். அணைத்து வைத்திருந்தாள். சுடப் போகும்போது அவள் எப்போதும் போனைக் காரிலேயே விட்டுவிடுவாள். அந்த ரேஞ்சின் அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் ஓட்டுறேன். ஏறுங்க," என்றேன்.

லண்டனைச் சுற்றி ஓடும் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை மத்தியானம் வேகமாகப் போக முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேரவன் வண்டிகள், சரக்கு லாரிகள், வேலை நடப்பதாகச் சொல்லும் ஆரஞ்சுக் கூம்புகள். அண்ணை மறுபடி மறுபடி அந்த எண்ணை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் செய்தி விடச் சொன்னது. அவரும் ஒவ்வொரு முறையும் செய்தி விட்டார்.

"பிள்ளை, நான் தந்த பெட்டியைத் தொடாதை. ஒண்டையும் சுடாதை."

ஆங்கிலத்தில் சொல்ல அவருக்குத் தோன்றவேயில்லை. அது அலுவலகத்தின் எண் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

டார்ட்ஃபர்ட்டில் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் வண்டிகள் நின்றுவிட்டன. தலைக்கு மேலே எங்கோ தேம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வதனியின் கண்கள்தான் நினைவுக்கு வந்தன. அவளுக்கும் நான்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். வலக்கண்ணை ரைஃபிளுக்கு எவ்வளவு பக்கத்தில் வைத்துச் சுடுவாள் என்று அளந்து குறித்தவளும் நான்தான்.

"அவவின்ரை தாய் என்னை நம்பித்தான் இந்தக் கிளப்புக்கு விட்டவ," என்றார் அண்ணை. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த ரேஞ்சில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. உள்ளே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கொடி ஏறியிருக்கும்போது யாரும் முன்னால் ஓட முடியாது. வாசலில் நின்றவரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயர்லெஸில் ஏதோ பேசினார். உள்ளே சத்தம் நின்றது.

வதனி காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு கையும் இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் இருந்தன.

"என்ன அண்ணை, ஆருக்கு என்ன?" என்றாள், பயந்துபோய். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அண்ணை சொல்லி முடித்தார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அதை நான் சுடேல்லை, அண்ணை. வீட்டில பெட்டிக்குள்ள அப்பிடியே கிடக்கு."

"இண்டைக்குக் கொண்டுவரேல்லையோ?"

"இண்டைக்கு மட்டுமில்லை." தயங்கினாள். "கோவிக்காதேங்கோ. மற்றவை நிரப்பினதை நான் சுடுறேல்லை. ஆர் நிரப்பினாலும்தான். வார்டில இன்னொராள் கலந்து வைச்ச மருந்தை நான் ஊசியில ஏத்தமாட்டன். அதே மாதிரித்தான். நீங்கள் ஆசையாத் தந்தீங்கள், வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு."

இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணையின் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. தான் கொடுத்ததை அவள் தொடவே இல்லை என்ற வருத்தமாக இருக்கலாம். அடுத்த கணம் அவள் தலையில் கையை வைத்தார்.

"நல்ல காரியம் செய்தாய் பிள்ளை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை

மறுநாள் வதனி பெட்டியோடு அண்ணையின் வீட்டுக்கு வந்தாள். நானும் போனேன். சின்ன அறையின் மேசையைச் சுற்றி மூன்று பேர்.

"எல்லாத்தையும் தராசுல வெச்சுப் பார்க்கலாமே. எடை அதிகமா இருக்கறது தெரிஞ்சிடுமே," என்றேன் நான்.

வதனி இல்லை என்று தலையாட்டினாள். "தெரியாது அக்கா. கூட்டின்ரை எடையே ஒண்டுக்கொண்டு வித்தியாசம். குண்டும் அப்பிடித்தான். மருந்தின்ரை வித்தியாசம் அதுக்குள்ள மறைஞ்சுபோகும். பிரிச்சுத்தான் பாக்கவேணும்."

பிரிப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் குடைவான தலைக்குள் தோட்டாவை மாட்டி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். அதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது. பிறகு அடுத்தது. அவசரப்பட முடியாத வேலை.

முதலில் அண்ணையின் பாதி. எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு முறையும் தட்டில் சின்னக் கறுப்புக் குவியல், கடுகு சிதறினது போல. சமையலறையிலிருந்து இடியப்பம் அவியும் வாசனையும் சொதியின் வாசனையும் வந்தன. ரஜினி அக்காவுக்கு நாங்கள் ஏதோ துப்புரவு வேலை செய்கிறோம் என்று மட்டும் தெரியும்.

பிறகு வதனியின் பெட்டியைத் தொடங்கினோம். பாதிக்கு மேல் போயிருக்கும். அண்ணை ஒன்றைத் தட்டிக் கொட்டினார். குவியல் பெரியதாக இருந்தது. அவர் அதைத் தராசில் போட்டார். எண் இரண்டு மடங்காக நின்றது.

வதனி அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

இப்போது குணம் அண்ணை வீட்டில் தோட்டா நிரப்புவது எப்படி என்று கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். போன் அந்த அறைக்குள் போகாது. இடையில் எழுந்திருக்க வேண்டி வந்தால், அதுவரை ஊற்றிய எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். எங்கே விட்டேன் என்று யோசிக்கவே மாட்டார். தான் நிரப்பியதை யாருக்கும் கொடுப்பதில்லை. சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்டாலே ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்குவார். புதியவர்கள் சிரித்தாலும் கவலைப்படமாட்டார்.

ஆனால் அன்று காலை அவர் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

"ரஜினி, உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

எல்லாவற்றையும் சொன்னார். முந்தின நாள் ரேஞ்சில் நடந்தது, சுரங்கப்பாதைக்குள் நின்றது, இந்தத் தட்டில் இருப்பது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நானும் வதனியும் கதவருகே நின்றோம்.

"பயப்பிட ஒண்டுமில்லை எண்டு உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன்," என்று முடித்தார்.

ரஜினி அக்கா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எண்டைக்கு நடந்தது?"

"மகள் போன் எடுத்துச் சொன்ன அண்டு."

அக்கா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வதனியிடம் வந்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி நடந்து, இத்தனை வருடம் போகாத அந்த அறைக்குள் போனார். மேசைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மிச்சம் எத்தினை கிடக்கு?"

"கொஞ்சம்தான் அக்கா. நாங்கள் பாக்கிறம்," என்றாள் வதனி.

"எப்பிடி எண்டு காட்டுங்கோ. நான் உடைக்கிறன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் என் காப்புக் கண்ணாடியைக் கழற்றி அக்காவுக்கு மாட்டிவிட்டேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தளர்வாக இருந்தது. வளைத்துச் சரி செய்தேன். வதனி ஒரு தோட்டாவைச் சுத்தியலில் மாட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

முதல் அடியில் அக்காவின் தோள்கள் ஒடுங்கின. கண்ணை இறுக மூடிக்கொண்டார். குண்டு கழலவில்லை. இரண்டாவது அடியில் கழன்றது. மருந்தைத் தட்டில் கொட்டி, விரல் நுனியால் பரப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு காணுமோ?" என்றார். இவ்வளவு மருந்து போதுமா என்று யாரிடம் கேட்டார் எனத் தெரியவில்லை.

அடுத்ததற்குக் கையை நீட்டினார். பின்னால் செய்வதறியாமல் நின்ற கணவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்கள் இங்கை நிண்டு என்ன செய்யிறீங்கள்? போய்ப் பிள்ளைக்கு போன் எடுங்கோ. சாப்பிட்டாளோ, சத்தி எடுக்கிறாளோ எண்டு கேளுங்கோ."

அண்ணை கூடத்துக்குப் போனார். மகளோடு அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. முதலில் குரல் கரகரத்தது. பிறகு வழக்கமான குரலுக்கு வந்தது. நாங்கள் மூன்று பெண்களும் வேலையைப் பார்த்தோம். மரக்கட்டையில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது.

"ஓம், ஓம். கேக்குதோ?" என்றார் அவர் போனில். "அது அம்மா. அறைக்குள்ள இருந்து வேலை செய்யிறா."